பத்தாம் நம்பர் ஸ்பேனர்

போன பௌர்ணமியன்று மத்தியானம், இருபது வயதுப் பெண் ஒருத்தியைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். அவள் என் மனைவிக்கு உதவ வந்தவள்!

நிமோனியாவிலிருந்து மீண்டுவரும் என் மனைவிக்கு இன்னும் ஆக்ஸிஜன் மெஷின் தேவை. அது கரண்டில் ஓடும். மூன்று மணிக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. அவசரத்துக்கென்று ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது... அதன் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்? செங்கம் ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம். எப்போது வந்து சேரும் என்று யார் சொல்வது?

மிச்சம் இருந்தது வீட்டு ஓனரின் பழைய டீசல் ஜெனரேட்டர். அதுவும் பெல்ட் கழன்று கிடந்தது.

நல்லவேளை, மாடி வீட்டு கலைவாணி லீவில் வந்திருந்தாள். பாலிடெக்னிக் முடித்து, பரீட்சை, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் தாண்டி விமானப் படையில் பயிற்சியில் இருப்பவள். விமானத்தை இழுக்கும் டிராக்டர், அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர் — இவற்றைப் பழுது பார்க்கிற டெக்னீஷியன் வேலை.

வந்ததும் துண்டை விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கி எண்ணினாள். ஒன்பது. இதற்கெல்லாம் இப்போது நேரமா என்று பல்லைக் கடித்தேன். பிறகு மளமளவென்று வேலை நடந்தது. அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன், கொடுத்ததை வாங்கி வைத்தேன். நடுவில் மனைவி இருமியதும் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெல்ட் மாட்டியாயிற்று. ஸ்டார்ட் பண்ணப் போனேன். கலைவாணி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"ஒண்ணு கம்மியா இருக்கு அங்கிள். பத்தாம் நம்பர் சைஸ் ஸ்பேனர்."

"கிடந்துட்டுப் போவுது, ஸ்டார்ட் பண்ணும்மா!"

"உள்ள விழுந்திருந்தா ஃபேன்ல அடிச்சி ரேடியேட்டர் போயிடும். அப்புறம் ஆன்ட்டிக்கு இதுவும் இல்ல."

"உனக்கெல்லாம் மனசே கிடையாதா? என்ன மிலிட்டரித் திமிரா?" என்று கத்தினேன். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. அவள் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து ஃபேன் இடுக்கில் தேடினாள்.

எதற்கும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவோம் என்று போனுக்காக பேன்ட் பாக்கெட்டில் கை விட்டேன். விரலில் இரும்பு பட்டது.

ஆமாம்... அதே ஸ்பேனர்! மனைவி இருமியபோது பாக்கெட்டில் போட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. வாங்கித் துண்டில் வைத்து, "ஒன்பது" என்றாள். ஸ்டார்ட் செய்தாள். மெஷின் ஓடத் தொடங்கியபோது சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க மாடிக்குப் போனேன். பயிற்சியில் முதல் பாடமே இதுதானாம். வேலை முடிந்து, டூல்களை மாட்டிவைக்கும் போர்டில் ஓர் இடம் காலியாக இருந்தால், மொத்த வகுப்பும் சாப்பிடப் போக முடியாது. ஓடுபாதையில் கிடக்கும் ஒரு ஸ்பேனரை விமான இன்ஜின் உள்ளே இழுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

அவசரம் என்று வந்தால் நாமெல்லாம் முதலில் கைவிடுவது சரிபார்ப்பதைத்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் அது கட்டாயம். புரிகிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"உள்ள படுத்திருந்தது உங்கம்மாவா இருந்தா?" என்றேன்.



"எங்கம்மாவா இருந்தா ரெண்டு வாட்டி எண்ணியிருப்பேன் அங்கிள்."