கஞ்சி அண்டாவுக்காக எழுதிய கடிதம்

எங்கள் வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் அலுமினிய அண்டாவின் வயிற்றில் பெரிய ஒடுக்கு ஒன்று இருக்கிறது. எழுபதுகளில் தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின், லயத்து முற்றத்தில் நான் கஞ்சி காய்ச்சியது இதில்தான். நிர்வாகம் ஏவிய அடியாட்களில் ஒருவன் கொதிக்கிற கஞ்சியோடு இதை என்மேல் உதைத்துத் தள்ளினான். இடது கையில் தோல் வழன்று தொங்கியது. கத்திக்கொண்டே அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளிக்கட்டையை உருவி, அவன் முகத்தில் ஒரே போடு போட்டேன். மீசை கருகிய நாற்றம் இன்னும் மறக்கவில்லை. சொல்ல வெட்கமில்லை, அது எனக்குப் பிடித்த நாற்றம்.

அரிசியும் தீர்ந்துபோயிருந்தது. கஞ்சி நின்றால், பிள்ளைகள் முகத்தைப் பார்த்து எல்லோரும் தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். போடி வியாபாரிகளிடம் உதவி கேட்டு எங்கள் சங்கச் செயலாளர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மேனேஜர் துரைக்கு மனு எழுதிப் பழகிய கை. ‘ஐயா அவர்கள் சமூகம் அறியவும்’ என்று கும்பிடு போட்டே பக்கம் முடிந்துவிடும். ஒருபிடி அரிசி வரவில்லை. கடைசியில் என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி, “தாயி, ஒனக்கு நடந்தத எழுதட்டுமா?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெந்த கையக் காட்டிப் பிச்ச கேக்கவா? நான் அவன அடிச்சதையும் எழுதுங்க. இல்லன்னா ஒண்ணும் எழுத வேண்டாம்.”

“குடுக்குறவுக மெரண்டுருவாக தாயி.”

“மெரளட்டும்.”

செயலாளர் பேனாவை எடுத்தார். பொய் கலந்தாலும் உண்மையை மறைத்தாலும் அடுத்த தடவை எவனும் தரமாட்டான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதினார்.

லாரி நிறைய அரிசி வந்தது. “கொள்ளிக்கட்டையால அடிச்ச அக்கா யாரு?” என்று டிரைவர் கேட்டபோது லயமே சிரித்தது.

அந்தக் கடிதத்தின் பிரதி மேனேஜர் கைக்கும் போயிருந்தது. போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போனது. பின்னாலேயே ஓடிவந்த செயலாளர், “அரிசி வரணும்னு நான் எழுதுன பொய் சாரே. இந்தப் பொண்ணு யாரையும் அடிக்கல” என்றார். நான்தான் அடித்தேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பெண்ணிடம் அடியாள் அடிவாங்கினான் என்பதைவிட, சங்கக்காரன் பொய்யன் என்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது. என்னை விட்டுவிட்டு, அவரைச் சுவரோடு சாய்த்து அடித்தார்கள். காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலரை நனைத்தது.

கஞ்சி நிற்கவில்லை, கூலியும் உயர்ந்தது. அந்தக் காது மட்டும் அவருக்குக் கடைசிவரை கேட்கவே இல்லை.

இன்று காலையும் தண்ணீர் மொள்ளும்போது தழும்புக் கை அந்த ஒடுக்கில் பட்டது. அவர் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான்தான் அடித்தேன்.