நாற்பதாவது சவப்பெட்டி

தாபிதா ரட், துறைமுகத்து அச்சுக்கூடக்காரர் எஃப்ராயிமுக்குக் கொழுந்தியாள். அக்கா செத்தபின் அவள் இடத்தில் நின்று அச்சுக் கோர்க்கப் பழகியவள். மாசசூசெட்ஸில் அரசனின் சிப்பாய்களோடு முதல் சண்டை நடந்த ஏப்ரலில், செத்தவர்கள் பேரை நோட்டீஸாக அடித்தார்கள். பேருக்கு ஒரு கறுப்புச் சவப்பெட்டி. வரிசைக்கு இருபது, இரண்டு வரிசை. பேர் வந்ததோ முப்பத்தொன்பது.

"பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. ரொப்பு," என்றார் எஃப்ராயிம்.

"ஆள் செத்தாத்தானே அத்தான் ரொப்ப முடியும்?"

"பைக் குடும்பத்து ஓபேது சண்டைக்குப் போனவன் திரும்பலையே. இருப்பான்னா நினைக்கிற?"

அவளும் நினைக்கவில்லை. கோர்த்துவிட்டாள்.

ஓபேதின் தாய் மெஹித்தபேல், புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அந்தத் தாளை அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தாள். இளையவன் யோத்தாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சோளக்கஞ்சி குடித்தான். புதன்கிழமை படையில் பேர் கொடுத்தான். அவனைப் போல இன்னும் பதினோரு பேர். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

வியாழக்கிழமை மாவு வண்டிக்காரன் கடைக்கு வந்தான். நோட்டீஸைப் பார்த்துச் சிரித்தான். "ஓபேதா? எங்க ஊர்ப் பண்ணையில கால் உடைஞ்சு கிடக்கான். பன்னிக்கறி கேட்டுப் பண்ணைக்காரம்மா உசுரை வாங்குறான்."

தாபிதா சால்வையை எடுத்தாள். எஃப்ராயிம் கதவோரம் வந்து நின்றார்.

"இப்பப் போய்ச் சொன்னா, மிச்ச முப்பத்தொன்பதும் பொய்னு அரசன் கட்சிக்காரங்க சிரிப்பாங்க. படை கிளம்பட்டும் தாபிதா. ரெண்டு நாள்தானே."

பைக் வீடு மூன்று தெரு தள்ளித்தான். சால்வையை ஆணியில் திரும்ப மாட்டினாள்.

மறுநாள் தம்பட்டத்தோடு போன யோத்தாம் கடைவாசலில் தொப்பியைத் தூக்கினான். "அண்ணன் பேரை நல்லாப் போட்டிருந்தீங்கக்கா."

சனிக்கிழமை போய்ச் சொன்னாள். மெஹித்தபேல் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "எப்பத் தெரிஞ்சது கண்ணு?"

"இப்பத்தான்."

நோட்டீஸ் இன்னும் விற்றது. எஃப்ராயிம் அந்த அச்சை அவிழ்க்கவே இல்லை. நாற்பதாவது பெட்டியையும் எடுக்கவில்லை. தாபிதாவும் கேட்கவில்லை.

ஜூனில் ஒரு குன்றின் மேல் மறுபடி சண்டை. செத்தவர்களில் யோத்தாமும் ஒருவன்.

மெஹித்தபேல் கடைக்கு வந்தாள். பின்னால் ஓபேது, கக்கத்தில் ஊன்றுகோல். அவள் அழவில்லை.

"வண்டிக்காரனைப் பார்த்தேன். வியாழக்கிழமையே சொன்னானாம்."

எஃப்ராயிம் உள்ளே காகிதம் எண்ணப் போய்விட்டார்.

"சின்னவனுக்குப் புதுசா பெட்டி வேணாம். எங்க வீட்டுக்குன்னு ஒண்ணு ஏற்கனவே குடுத்திருக்கியே. பேரை மட்டும் மாத்து. நான் நிக்கிறேன்."

தாபிதா கட்டிய அச்சைத் தளர்த்தினாள். பைக் என்ற குடும்பப் பேரை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருந்த ஓபேதின் நாலு இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள்.