சந்தாபுரா வீட்டுக்குப் போட்ட இரண்டு நிபந்தனைகள்

வாங்கி வாடகைக்கு விடலாம் என்றுதான் நகரத்துக்கு வெளியே சந்தாபுராவில் அந்தச் சின்ன வீட்டைப் பார்த்தோம். பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வைட்ஃபீல்டில் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் கை போனைத் தடவிக்கொண்டே இருக்கும். புரோக்கர் வேறு தினமும் சூடேற்றினார்.

"சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க. இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க."

என் மனைவி அசையவில்லை. "பேங்க் லோன் வரலைன்னாலும், வக்கீல் பத்திரம் சரியில்லைன்னு சொன்னாலும் அட்வான்ஸ் முழுசா திரும்பி வரணும். இதை அக்ரிமெண்ட்ல எழுதிக் கொடுத்தாதான் வாங்கறோம்."

"மேடம், இப்படி கண்டிஷன் போட்டா ஓனர் ஓடிடுவாரு."

"ஓடட்டும்."

எனக்குப் பகீரென்றது. ஆனால் ஓனர் ஓடவில்லை. முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கடன் சீக்கிரமே கிடைத்துவிட்டது. வக்கீல்தான் விடவில்லை. அது ஓனருடைய அப்பா கட்டிய வீடு. அதனால் வாரிசுகள் யார் யார் என்று காட்டும் வம்சாவளிச் சான்று வேண்டும் என்றார். ஓனர் இதோ அதோ என்று இழுத்தடித்தார்.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை நானே பஸ் ஏறிச் சந்தாபுரா போனேன். வீட்டில் குடியிருந்த பெண் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். பேச்சுவாக்கில் கேட்டாள்: "ஓனரோட தங்கச்சிக்கும் விக்கறதுல சம்மதமா சார்?"

"தங்கச்சியா?"

"பக்கத்துல ஆனேக்கல்ல இருக்காங்க. அவங்கம்மா திதி அன்னைக்கு வருவாங்க. கேட்டுக்கு வெளியவே நின்னுட்டுப் போயிடுவாங்க."

தெருவுக்கு வந்ததும் ஓனருக்குப் போன் போட்டேன். தங்கச்சியைப் பற்றிக் கேட்டேன். "அவ வேற சாதிப் பையனைக் கட்டிக்கிட்டுப் போனவ சார். எங்களைப் பொறுத்தவரைக்கும் அவ இல்ல" என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு யோசனை ஓடியது. சான்று கேட்காமல் முடித்துத் தர வேறு வக்கீல் கிடைக்க மாட்டாரா? அவ்வளவு ஆசை அந்த வீட்டின் மேல். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன், அந்த யோசனை உட்பட. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் போனை வாங்கி அவளே ஓனரிடம் பேசினாள்.

"தங்கச்சியும் வந்து கையெழுத்துப் போடட்டும், அவங்க பங்கையும் கொடுங்க. இல்லைன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார்."

அட்வான்ஸை அவர் ஏற்கெனவே செலவழித்திருந்தார். அதற்குப் பிறகு கழிந்த நாட்களில் நான் பால்கனிக்கும் ஹாலுக்கும் நடந்தேன், வேறு வீடுகளின் படங்களைப் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு காலையில் ஓனரே கூப்பிட்டார். "போய்ப் பேசிட்டேன் சார். வர்றேன்னு சொல்லிட்டா."

பதிவு அலுவலகத்தில் அண்ணன் ஒரு பெஞ்சிலும் தங்கை எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது; ஒவ்வொரு முறையும் நான் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஒருவழியாகத் தங்கை கைரேகை வைத்தாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அம்மா போட்டோ யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். ஏன்?"

"எனக்கு ஒண்ணு வேணும்."

அவர் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றார். "வீட்டுக்கு வந்து எடுத்துக்கோ" என்றார்.

சாவி என் கைக்கு வந்தது. தங்கை அதை ஒருமுறை பார்த்தாள், பிறகு வெளியே போனாள். அண்ணன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார்.