தேய்ந்த ஜாதிக்காய்

பச்சைக் குழந்தை அழாமல் கிடந்தால் "எவ்வளவு சமத்து" என்று மெச்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பசித்தால் அழவேண்டும், வலித்தால் அழவேண்டும். அதற்காகத்தான் குழந்தைக்குத் தொண்டையைக் கொடுத்திருக்கிறது.

மேட்டூர் அணை கட்டி முடித்த புதிதில், திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து அம்மாபேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டில் இரண்டு குழித்தறி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. ஒன்றில் என் வீட்டுக்காரர், இன்னொன்றில் அவர் தம்பி. இருவருக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூலை ராட்டையில் வைத்து, தார் என்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. என் ராட்டை நின்றால் கொஞ்ச நேரத்தில் இரண்டு தறியும் நிற்கும். தறி நின்றால் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆகவே ஆகாது. புருஷன் போன பிறகு அந்தத் தறிகளை விற்காமல் காப்பாற்றிய மனுஷி அவர். அதை நான் மறுக்கமாட்டேன்.

தலைப்பிள்ளை பெண். குளிப்பாட்டியதும் உரை மருந்து கொடுப்பது எங்கள் வழக்கம். விளக்கெண்ணெய்த் திரியில் சுட்டுக் கரியாக்கிய வசம்பு, வேகவைத்துக் காயவைத்த கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், ஒரு துண்டு சுக்கு. எல்லாவற்றையும் என் அப்பா ஒரே கடையில் புதிதாக வாங்கி வந்திருந்தார். கல்லில் தாய்ப்பால் விட்டு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தரம் உரசி, வழித்து, குழந்தையின் நாக்கில் தடவுவோம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பேர் உண்டு. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டு அழுத என் குழந்தைக்கு, விளக்கெண்ணெயில் அந்தக் கரியைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டதும் காற்றுப் பிரிந்து அடங்கியதை நானே பார்த்தேன். ஆகவே நாட்டு மருந்தை மொத்தமாகப் பழிக்கிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

தீபாவளி நெருங்கியது. நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி சேலை கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். அத்தை உரைகல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ ராட்டையைப் பாரு கண்ணு. மருந்தை நான் பாத்துக்கறேன்."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தையும் தூங்க ஆரம்பித்தது. காலையில் மருந்து கொடுத்தால் மத்தியானம் வரைக்கும் தொட்டிலில் சத்தமே இருக்காது. அக்கம்பக்கத்தார் சமத்து, சமத்து என்றார்கள். எனக்கோ பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனத்தது, சேலை நனைந்தது. எடுத்து மடியில் போட்டால் வாய் வைக்கும், உடனே விட்டுவிடும். அத்தையிடம் சொன்னேன்.

"தூங்கற புள்ளையை எழுப்பப்படாது. தூங்கினாத்தான் வளரும்" என்றார்.

ஒருநாள் தலைவலி. பற்றுப் போடச் சுக்கு எடுக்கலாம் என்று மருந்துப் பெட்டியைத் திறந்தேன். கடுக்காயிலும் மாசிக்காயிலும் லேசான கீறல்தான் விழுந்திருந்தது. ஜாதிக்காய் மட்டும் ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் பழுப்பு வரிகள் தெரிந்தன. ஜாதிக்காய் கூடினால் தூக்கத்தில் தள்ளும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அத்தையிடம் போனேன்.

"ஏனுங்க அத்தை, இது மட்டும் ஏன் இப்படித் தேஞ்சிருக்குது?"

அவர் மறைக்கவில்லை. "கொஞ்சம் சேத்தித்தான் உரசினேன். புள்ள தூங்குது, உன்ற கையும் ஓடுது. எம்பசங்களை அப்படித்தான் வளத்தேன். கெட்டா போயிட்டாங்க?"

ஜாதிக்காயை முந்தானையில் முடிந்துகொண்டேன். ராட்டைப் பக்கம் போகவில்லை. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்தேன். நனைந்த நூல்கழிபோலக் கை கால் தொங்கின. கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுரண்டினேன். கண் திறக்கவில்லை. சற்று நேரத்தில் ஒரு தறி நின்றது. பிறகு அடுத்ததும் நின்றது.

"தார் எங்கே?" என்று குழியிலிருந்து என் வீட்டுக்காரர் கேட்டார்.

அத்தைக்கு முன்னால் அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அன்றைக்கு உயர்த்தினேன். "புள்ள கண்ணு முழிக்கட்டும். அப்புறந்தான் ராட்டை சுத்துமுங்க."

"தறியை நிறுத்தற மருமவ இந்த ஊட்டுல இருந்ததில்லை" என்றார் அத்தை.

"இனிமேல் இருக்கட்டுமுங்க."

என் வீட்டுக்காரர் குழியைவிட்டு ஏறி வந்தார். குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்தார், விட்டதும் அது விழுந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்க் குதிரை வண்டி கொண்டுவந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். முந்தானையை அவிழ்த்துக் காட்டினேன். பெரிய ஆளையே மயக்கிப் போடுகிற சரக்கு இது என்று திட்டினார். "இதை உரசற கல்லையும் சேர்த்துத் தூக்கிப் போடு" என்றார்.

"கல்லு என்னங்க பண்ணுச்சு? உரசின கையைச் சொல்லுங்க" என்றேன்.

"எந்தக் கைக்கம்மா அளவு தெரியும்? ஒரே தரம்தான் உரசினேன்னு சொல்லுவே. அழுத்தி உரசினா ரெண்டு பங்கு இறங்கும். இத்தனூண்டு வயிறு தாங்குமா?"

நியாயமான பேச்சு, இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர நாக்கில் எதையும் வைக்காதே என்றார். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்தது. முகத்தைச் சுளித்தது. பிறகு அழுதது பாருங்கள், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சமாதானம் பண்ணம்மா என்று யாரோ சொன்னார்கள். அழட்டும் என்றேன். நானும் அழுதேன்.

தீபாவளிக்குச் சேலைகள் போய்ச் சேரவில்லை. முதலாளி பேசினார், தெரு பேசியது, அத்தை மட்டும் பேசவே இல்லை. நான் உரைகல்லைத் தூக்கிப் போடவும் இல்லை. பெரியவர்களுக்குக் கை கால் கடுப்பு என்றால் சுக்கு உரசிப் பற்றுப் போட்டேன். பேதிக்கு மோரில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய், அதுவும் வளர்ந்த ஆளுக்கு மட்டும், கர்ப்பிணிக்குக் கூடாது. குழந்தைக்கு வசம்பு வயிற்றின் மேலே பற்றாகத்தான், உள்ளே கிடையாது. அதிலும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரி. "நாட்டு மருந்துதானே, என்ன பண்ணிவிடும்" என்று யாராவது இளித்தால், அரளி மட்டும் சீமையிலிருந்தா வந்தது என்று கேட்பேன். அடுத்த பிள்ளை பிறந்தபோது அத்தையே உரைகல்லை எடுத்துவந்து, இனி உன் பாடு என்பதுபோல என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் தலைப்பிள்ளை இப்போது கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவள் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். பொம்பளைக்கு இவ்வளவு தொண்டை ஆகாது, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்று அவள் மாமியார் எனக்குச் சொல்லி அனுப்பினார். அந்தத் தொண்டைக்காக இரண்டு தறியை நிறுத்தியவள் நான், குறைக்கச் சொல்லமாட்டேன் என்று திருப்பிச் சொல்லி அனுப்பினேன்.