ஒன்பதாவது மணி

கோழி முட்டை ஓட்டில் ஜன்னல் வெட்டியதும் க்ளெனிஸ் மூச்சை அடக்கிக்கொள்வார். நுண்ணோக்கியில் குனிந்து, கருவின் முதுகில் ஜோடி ஜோடியாக முளைத்திருக்கும், பாசிமணி போன்ற திசு முடிச்சுகளை எண்ணுவார். ஒரு ஜோடி எங்களுக்கு ஒரு 'மணி'. ஒவ்வொரு ஜோடிக்கும் இடது குதிகால் ஒருமுறை தரையைத் தட்டும். எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு வெளியே வரும்.

அடிலெய்டில் எங்கள் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக அவருக்கு இதுதான் வேலை. எத்தனையாவது மணியில் இதயத்துக்கான மரபணு விழிக்கிறது, எத்தனையாவதில் அதன் புரதம் தலைகாட்டுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. கரு வளர வளர மணிகள் கூடும்; மணி எண்ணிக்கைதான் கருவின் வயது.

அவர் எண்ணிச் சொல்வார். இதயத் துண்டை வெட்டி ஆல்கஹால் குழாயில் போட்டு எண்ணை எழுதுவது நான். அவர் முறைப்படி பென்சிலால் சின்னத் தாளில் எழுதிக் குழாய்க்குள்ளேயே போட வேண்டும். அவசரத்தில் நான் பேனாவால் வெளியே எழுதினேன். ஆல்கஹால் பட்டு நான்கு குழாய்களில் மை கரைந்தது. கேட்க வெட்கப்பட்டு, நினைவிலிருந்து எழுதி ஒப்பேற்றினேன்.

முடிவு தலைகீழாக வந்தது. ஆறு மணிக் கருவில் புரதம் இருந்தது, ஒன்பதில் இல்லை. மிச்சக் கருக்களை எறிந்தாயிற்று, மறுபடி எண்ண வழியில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் நீல் பாஸ்கோ கேட்டார்: "க்ளெனிஸ், கண்ணாடி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எங்க ஃபுட்பால் டீம் வாங்குற கோலையெல்லாம் எண்ணி எண்ணிக் கண்ணு தேஞ்சுபோச்சு நீல்."

"கொஞ்ச நாள் ஆங்கஸ் எண்ணட்டும்."

ஆங்கஸ் நான்தான். நோட்டுப் புத்தகத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் முட்டைகளைத் துடைத்து அடைகாப்புப் பெட்டியில் அடுக்கினார். ஒருநாள் நான் நாற்காலியை விட்டு எழுந்தபோது, கேட்காமலே குனிந்து பார்த்தார். குதிகால் தட்டவில்லை.

"எட்டா, ஒன்பதா கண்ணு? எனக்கு ஒன்பதுன்னு தெரியுது. நீயே சொல்லு, என்னை நம்பாத."

ஒன்பதுதான். அதற்கு மேல் தாங்கவில்லை. பேனா, மை, நான்கு குழாய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "மூணு வாரமாடா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"பயம்..."

"எனக்கு இல்லியா? நட, நீல்கிட்ட. நானும் வரேன். தனியா விட்டா பாதியில டீ குடிக்கப் போயிடுவ."

பாஸ்கோவின் அறையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லு," என்று க்ளெனிஸ் முதுகில் தட்டினார். மறுநாளே நாற்காலி அவரிடம் திரும்பியது. அந்த நான்கு குழாய்களும் குப்பைக்குப் போயின.

ஆய்வகத்தின் டிசம்பர் விருந்தில் அவர் கணவர் ரஸ், தணலில் இறைச்சித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே சொன்னார், சம்பந்தப்பட்டவன் நான் என்று தெரியாமல். அந்த மூன்று வாரமும் க்ளெனிஸ் காரைத் தொடவே இல்லையாம். இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்திருக்கிறார். கண் மருத்துவர் ஒரு குறையும் இல்லை என்று சொன்ன பிறகும்.

"ஒன்பது மணிய தப்பா எண்ணுற கண்ணு, பள்ளிக்கூட வாசல்ல ஒரு பிள்ளைய பார்க்காம விட்டுட்டா என்ன பண்றதுன்னு கேட்டா அவ," என்றார் ரஸ்.