பன்னிரண்டு இஞ்ச் மஃப்ளர்

என் மனைவிக்குத் தபால் ஆபீசில் பார்சல் கவுன்டர் வேலை. வருகிற பார்சலை எல்லாம் ஒரு தடவை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவாள். வீட்டிலும் அப்படித்தான், எதையும் குலுக்கிப் பார்க்காமல் நம்பமாட்டாள்.

பொழுதுபோக்குக்கு உல்லன் பின்னல். முதல் மஃப்ளர் கோணல்மாணலாக வந்தது. அதை என் கழுத்தில் சுற்றி அழகு பார்த்தாள். நான் தையல்காரன். கோணலைக் கண்டால் கை பரபரக்கும், ஆனால் வாயைத் திறந்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை எங்கே வாங்கியது என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுவிட்டார். அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. நேராக லேஸில் இறங்கிவிட்டாள்.

லேஸ் என்றால் வேண்டுமென்றே ஓட்டை விட்டுப் பின்னுவது. வெள்ளை நூல், குறுக்கே அறுபத்து மூன்று கண்ணி, பன்னிரண்டு இஞ்ச் அகலம். எவ்வளவு வளர்ந்தது என்று தெரிய, மாதம் பிறந்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு போடுவாள்.

மூன்றாவது முடிச்சு போட்ட அன்றுதான் என் அக்கா வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளுக்குப் போக வேறு இடமில்லை. கையில் ஒரே ஒரு பை.

"வாங்க அண்ணி" என்றாள் மனைவி. வாய்தான் சொன்னது. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் சமையலறைக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, அக்கா எந்த டப்பாவைத் திறக்கிறாள், எங்கே வைக்கிறாள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தபடி பின்னுவாள். நூலை வெடுக் வெடுக்கென்று இழுப்பாள்.

ஒருநாள் காலை என்னிடம் வந்து கிசுகிசுத்தாள்.

"மஃப்ளர் சிறுத்துக்கிட்டே போகுதுங்க. யாரோ பிரிச்சுப் பிரிச்சுப் பின்னி வைக்கறாங்க."

"யாரு?"

"பகல்ல வீட்டுல யாரு இருக்கா?"

டேப் வைத்துப் பார்த்தேன். அடியில் பன்னிரண்டு, ஊசியருகே ஒன்பதரை. எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. சின்ன வயதில் அக்கா என் பம்பரக் கயிற்றைப் பிரித்துப் போட்டது நினைவுக்கு வந்தது. என் புத்தியை எதால் அடிப்பது! மத்தியானம் சாப்பிட வந்தபோது கேட்டேவிட்டேன்.

"அக்கா, அவ பின்னறதை நீ எடுத்துப் பிரிச்சியா?"

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீயா கேக்கறே?" அவ்வளவுதான். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் மனைவி வந்தபோது அக்கா கையில் பையோடு கதவருகே நின்றிருந்தாள். தையல்காரன் முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன். கண்ணிகளை எண்ணினேன். அறுபத்து மூன்று. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஊசி நகராதபடி இறுகிக் கிடந்தது. ஓட்டைகள் எல்லாம் மிளகளவுக்குச் சுருங்கியிருந்தன.

"எங்கேருந்து இறுக ஆரம்பிச்சிருக்கு, நீயே பாரு" என்றேன்.

அவள் விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனாள். மூன்றாவது சிவப்பு முடிச்சில் விரல் நின்றது.

"என் கைதாங்க" என்றாள். முகம் சின்னதாகிவிட்டது. ஊசியை உருவிப் போட்டுவிட்டு, நூல் முனையை அக்காவிடம் நீட்டினாள். "முடிச்சு வரைக்கும் பிரிச்சு, உருண்டையா சுத்தித் தரீங்களா அண்ணி?"

"பிரிச்சேன்னு பழி போட்டீங்க. இப்ப நானே பிரிக்கணுமா?" என்றாள் அக்கா. ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு நூலை வாங்கிக்கொண்டாள்.

இப்போது இருவரும் அருகருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். மஃப்ளர் பன்னிரண்டு இஞ்சில் வளர்கிறது. என்னிடம்தான் அக்கா இன்னும் பேசவில்லை.