மலையில் இன்னொரு தவராசா

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் காலை ஆறு மணிக்குக் கப்பல்துறையில் என் கடை வாசலுக்கு வந்தது. கண்டி வீதியோரம் டயர் ஒட்டும் சிறிய கடை என்னுடையது. பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினேன். சாரதி என் பெட்டியைப் பார்த்தான்.

"என்ன அண்ணை, மனிசியக் கூட்டிக்கொண்டு வரப் போறியளோ, இல்லாட்டி நீங்களும் அங்கயே நிக்கிற பிளானோ?"

"பாத்திட்டு வரப் போறன், தம்பி" என்றேன்.

அது முழு உண்மை அல்ல. என் மனைவி வசந்தி மூன்று வருடங்களுக்கு முன் ஸ்கொட்லாந்துக்கு வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்குப் போனவள். ஒப்பந்தம் வருகிற டிசெம்பரில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நிற்கும்படி வேலை கொடுத்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நிற்கிறாளா, வருகிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். ரெலிபோனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதில் நான் மழையைப் பற்றியும் டயரைப் பற்றியும்தான் கதைப்பேன்.

கட்டுநாயக்கா வரை ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோமீற்றர். அங்கிருந்து டோஹா, பிறகு எடின்பரோ. எடின்பரோ விமான நிலைய வாசலில் வசந்தி நின்றாள். காற்சட்டை, சப்பாத்து, முதுகில் ஒரு பை. என்னைக் கண்டதும் சிரித்து, என் பெட்டியை வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். ஊரில் நான் முன்னே போவேன், அவள் பின்னே வருவாள். இங்கே அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் ஓடவேண்டியிருந்தது.

புகையிரதத்தில் ஸ்ரேர்லிங். அங்கிருந்து பஸ்ஸில் கலண்டர் என்ற சிறு பட்டினம். பிறகு இன்னொரு பஸ், கிலின் கிராமத்துக்கு. எடின்பரோவிலிருந்து மொத்தம் நூற்றிருபது கிலோமீற்றர் வரும். கடைசி பஸ்ஸில் ஏறியதும் சாரதி, "வாஸ்!" என்று கூப்பிட்டார். அது வசந்திதான். அவள் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். பஸ்ஸில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பி எனக்குக் கை காட்டினார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல்துறையில் அவளை "டயர்கடைக்காரற்ற பெஞ்சாதி" என்பார்கள். இங்கே நான் வாஸின் புருசன்.

கிலினுக்கு ஒரேயொரு தெருதான். வெள்ளைச் சுவர் வீடுகள், கறுப்புக் கல் கூரைகள். தெருவின் தொடக்கத்தில் பழைய கல்லுப் பாலம். அதன் கீழே டொகார்ட் ஆறு பாறைகளில் விழுந்து ஓடுகிறது. தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம். ஊத்தையாக்கும் என்று நினைத்தேன். மலைமேல் உள்ள சேற்று மண் கரைந்து வரும் நிறம் அது என்றாள். பாலத்தடிக் கடையில் ஒரு தேநீர் மூன்று பவுண். எங்கள் காசுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல். குடித்து முடிக்க மனம் வராமல் ஆற ஆறக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை வாவியைச் சுற்றிப் பார்க்கப் போனோம். லொக் டே என்பது அதன் பெயர். லொக் என்றால் அவர்கள் மொழியில் வாவி. இருபத்துமூன்று கிலோமீற்றர் நீளம். கார் அலெக்குடையது. அலெக் என்பவர் வசந்தி பராமரிக்கும் கிழவர். எண்பத்தொரு வயது. கால் இரண்டிலும் பலம் இல்லை. மனைவி இறந்து பல வருடம். முந்தி இந்த வாவியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் தபால் கொடுத்தவர்.

கார் ஓட்டியவள் வசந்தி. ஊரில் சைக்கிள் ஓடவே பயந்தவள். முன் ஆசனத்தில் அலெக் இருந்தார். பின்னால் நானும் அவருடைய கோல்ஃப் பையும்.

வடகரை வழியாக லோயர்ஸ், ஃபேர்னன், பிறகு வாவியின் மறுமுனையில் கென்மோர். பிறகு தென்கரையின் ஒடுங்கிய பாதையால் திரும்பி வந்தோம். எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டும். ஒதுங்கியவருக்கு மற்றவர் கை காட்டாமல் போவதில்லை. ஆவணி மாதம் மலைகள் கத்தரிப்பூ நிறமாக இருந்தன. ஒவ்வொரு வீட்டைக் கடக்கும்போதும் அலெக் விரலை நீட்டி ஒரு கதை சொன்னார். அவரும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"அந்த வீட்டில ஒரு நாய் இருந்ததாம்" என்றாள்.

ஃபேர்னனிலிருந்து கென்மோர் வரை சிரித்த சிரிப்புக்கு எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

வாவியின் ஆழம் எவ்வளவு என்று கேட்கச் சொன்னேன். நூற்றைம்பது மீற்றருக்கு மேல் என்றார் அலெக். எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்த் துறைமுகம்தான் உலகத்தில் ஆழம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்ந்தவன் நான். "எங்கட துறைமுகத்துக்குள்ள பெரிய கப்பலே வரும் எண்டு சொல்லு" என்றேன். சொன்னாளோ தெரியாது. திரும்பவும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை கோல்ஃப். எங்கள் ஊர்ப் பக்கம் சீனன்குடா விமானப்படை முகாமுக்குள்ளும் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். கிலின் மைதானத்துக்கு வேலி இருந்தும் கதவு திறந்தே கிடந்தது. ஒன்பது குழி. ஏற்ற இறக்கமான பச்சைப் புல், நடுவே பழைய கல்மதில்கள், பின்னால் மலை. அலெக் பற்றரி வண்டியில் இருந்தபடி போவார். பந்து கிடக்கும் இடத்தில் வசந்தி அவரைத் தாங்கி நிறுத்துவாள். அவர் அடிப்பார். தூர அடி அவருக்கு இப்போது ஏலாது. அதை அவள் அடித்தாள். காலை அகட்டி நின்று, தடியைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் ஒரு வீச்சு. பந்து போன இடம் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது.

என்னிடமும் தடியைத் தந்தார்கள். முதல் அடியில் புல்லுக் கட்டி பறந்தது. பந்து அசையவில்லை. இரண்டாம் அடியில் காற்றுத்தான். சிறு கொசுக்கள் கண்ணிலும் காதிலும் மொய்த்துக் கடித்தன. தடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிலோரம் போய் நின்றேன்.

அங்கே நிற்கும்போதுதான் அதைக் கவனித்தேன். தூரத்திலிருந்து வசந்தி, "அலெக்! அலெக்!" என்று பலமாகக் கூப்பிட்டாள். அங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதைக் குறைவு இல்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. கலியாணம் முடித்து இருபத்தொரு வருடம். என்னைக் கூப்பிட அவளிடம் இருப்பது "இஞ்சேருங்கோ" மட்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்வதில்லை. தவராசா என்ற என் பெயர் அவள் வாயில் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கிழவருக்குத் தன் பெயர் அவள் வாயில் எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு. என்னை மலைக்குக் கூட்டிப்போனாள். கிராமப் பூங்காவின் பின்னாலேயே பாதை ஏறுகிறது. உயரம் ஐந்நூற்றிருபது மீற்றர் அளவு. எங்களுக்குச் சற்று முன்னால் கிளாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ஏறியது. தலையாட்டிக்கொண்டோம்.

ஒரு மரக்கதவைத் திறந்து வசந்தி உள்ளே போனாள். செம்மறிகள் மேயும் யாருடையதோ காணி. நான் வெளியே நின்றுவிட்டேன்.

"வாங்கோ. ஆரும் நடக்கலாம். கதவைச் சாத்தினாச் சரி. இஞ்ச சட்டமே அப்பிடித்தான்."

துறைமுகத்தைப் பார்க்கும் எங்கள் மேடுகளில் எத்தனை இடத்தில் இராணுவ முகாமும் உள்ளே வராதே என்ற பலகையும் இருக்கின்றன என்று நினைத்தேன். இந்த மனிதர்கள் கதவைச் சாத்தினால் போதுமாம்.

ஓக் மரங்களைத் தாண்டியதும் பாதை செங்குத்தானது. எனக்கு மூச்சு வாங்கியது. அவள் ஆடுபோல ஏறினாள். அங்கேதான் கேட்டேன்.

"டிசெம்பருக்குப் பிறகு என்ன செய்யப் போறாய்?"

"மேல போய்க் கதைப்பம்."

"இப்பவே சொல்லன். எனக்குத் தெரியும். அலெக்கோட இருக்கத்தானே நிக்கப் போறாய்."

வாயை விட்டு வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். திரும்பி விறுவிறு என்று ஏறிப் போய்விட்டாள். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். அப்போது மலையுச்சியிலிருந்து பனிப்புகார் இறங்கியது. சற்று நேரத்தில் என் சப்பாத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாதை என்று நினைத்துப் போன இடம் சேறாக இருந்தது. வேறு பக்கம் திரும்பினேன். அங்கும் சேறு. ஒரு கல்லில் குந்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"தவராசா!"

திடுக்கிட்டேன். பிறகு யோசித்தேன். என்னை இங்கே யார் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? அந்தக் கிளாஸ்கோக் குடும்பத்திலும் ஒரு தவராசா இருக்கவேண்டும். எங்கள் ஆட்களில் அரிதான பெயர் இல்லை. பாவம், அவனும் புகாருக்குள் மாட்டிவிட்டான்.

"தவராசா! தவராசாஆ!"

யாருடையது என்று அடையாளம் தெரியாமல், குரல் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் கேட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அது கம்மிக்கொண்டு வந்தது. கடைசியில் அழுகையும் சேர்ந்துவிட்டது. அந்தத் தவராசாமேல் வந்த பொறாமை எனக்கு அலெக்மேல்கூட வந்ததில்லை. தன்னை இப்படித் தேட ஒருத்தி இருக்கிறாள். அந்தப் படுபாவி பதில் சொல்லாமல் எங்கே போய்த் தொலைந்தான்? என் மனைவி என்னை விட்டுவிட்டு உச்சிக்கே போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

புகாருக்குள்ளிருந்து சிவப்பு மழைக்கோட்டு ஒன்று வந்தது. வசந்தி. முகமெல்லாம் ஈரம்.

"செவிடோ உங்களுக்கு? தொண்டை கிழியக் கத்தினனான், கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"கேட்டிட்டு ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

"வேற ஆரையோ கூப்பிடினம் எண்டு நினைச்சன்."

"இந்த மலையில எத்தினை தவராசா இருக்கிறாங்கள்?"

"அந்தக் கிளாஸ்கோ ஆக்கள்…"

"அவையள் பாதி வழியிலயே இறங்கிப் போயிட்டினம்!"

என் பக்கத்தில் தொப்பென்று இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும்தான்.

"இஞ்சேருங்கோ எண்டு பத்துத்தரம் கத்தினன்" என்றாள். "காத்தோட போயிட்டுது. பிறகுதான் பேரைச் சொன்னனான். அந்தக் கிழவனைத் தூக்கிக் குளிக்க வாக்கிறது நான். அவரோடயோ உங்களுக்கு எரிச்சல்?"

"எரிச்சல்தான். முன் சீற்றில அவர் இருக்கிறார்."

"அவருக்குக் காலை மடக்க ஏலாது!"

புகார் ஒரு பக்கம் கிழிந்தது. கீழே கிராமமும், பச்சை மைதானமும், நீட்டிப் படுத்த வாவியும் தெரிந்தன. அவள் கையால் காட்டினாள்.

"நான் நிண்டா இதுக்காகத்தான் நிப்பன். வேலை முடிய ஆரையும் கேக்காம வெளிக்கிடுவன். ரெண்டு மணித்தியாலம் நடப்பன். அங்க வந்தா எங்க நடக்கிறது? சந்தையும் கோயிலும் தவிர நான் எங்கயாவது நடந்தனானோ?"

கிழவரை வெறுப்பது லேசாக இருந்தது. மலையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"ஓம், நிக்கிறன் எண்டு எழுதிக் குடுக்கத்தான் இருந்தனான்" என்றாள். "நீங்கள் ஒருக்காலும் வா எண்டு சொல்லேல்லையே."

"இப்ப சொல்றன். வா."

"வந்தா?"

"வந்தா… நடப்பம்."

"ரெண்டு பேருமோ?"

"ஓம்."

"பக்கத்தில பக்கத்தில. சனம் பாக்குதெண்டு முன்னால ஓடக்கூடாது."

"ஓடமாட்டன்."

"ஒவ்வொரு நாளும்."

"டிசெம்பர் மாரியிலயோ?"

"இஞ்ச மழையைப் பாத்தே நடக்கினம்?"

"சரி" என்றேன்.

நான் புறப்பட்ட நாள் அலெக் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். என் கையைப் பிடித்து நெடுநேரம் ஏதோ சொன்னார். வசந்தி வழக்கம்போல ஒரு வரியில் முடித்தாள். "உங்களில தனக்குப் பொறாமையாம்." அன்றுதான் அந்த மனிதரை எனக்குப் பிடித்தது.

ஊருக்கு வந்த பின் ஒவ்வொரு பின்னேரமும் நடக்க இடம் தேடுகிறேன். கண்டி வீதியில் லொறிகள் ஆளைத் தள்ளிக்கொண்டு போகின்றன. துறைமுகம் தெரியும் மேடுகளுக்கு விட மாட்டார்கள். கடைசியில் எங்கள் பக்கத்துக் குளக்கட்டு ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதல் நாள் நடந்தபோது, அங்கே மாடு மேய்க்கும் மஜீத் நானா எதிரே வந்தார்.

"என்ன தவராசா, மாடு காணாமப் போச்சா?"

சும்மா நடக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம் நானா" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் போனபோது அவர் குளக்கட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

"உன்ட மாடு செவலயா, கறுப்பா? நேத்து முழுக்கத் தேடினேன்."

இனி மறைக்க வழி இல்லை. "மாடு இல்லை நானா. மனிசி டிசெம்பரில வாறா. அவவோட சேந்து நடக்கிறதுக்கு இடம் பாக்கிறன்."

அவர் என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"நடந்து எங்க போற?"

"ஒரு இடமும் இல்லை. அந்தத் தொங்கல் மட்டும் போயிட்டுத் திரும்பி வாறது."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். மஜீத் நானா தாடியைத் தடவிக்கொண்டு குளத்தின் மறுமுனையைப் பார்த்தார்.

"நேத்து உன்ட மாட்டத் தேடி நானும் அந்தத் தொங்கல் வரைக்கும் போனேன்" என்றார். "நல்லாத்தான் இருந்திச்சி."